அத்தையின் கால்களாக இருந்தவர்

அந்தத் தொலைக்காட்சித் தொடரில் உள்ளறைக் கட்டிலில் படுத்தபடியே இருக்கும் அத்தை யார் என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். அவர் முகம் ஒரு முறைகூடக் காட்டப்படவில்லை. போர்வைக்கு வெளியே நீலக் காலுறை போட்ட இரண்டு பாதங்கள் தெரியும், குரல் கேட்கும், அவ்வளவுதான். ஒரு வாரப் பத்திரிகை, அது ஒரு பழைய நாடக நடிகை என்று எழுதியது. இன்னொன்று, அங்கே ஆளே இல்லை, இரண்டு தலையணைகள்தான் என்றது. இரண்டும் தவறு. குரல் கடைசிவரை ஒருவருடையது. நவம்பர் பன்னிரண்டாம் தேதியிலிருந்து கால்கள் வேறொருவருடையவை. அந்தக் கால்களுக்கு உரியவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மருந்துக்கடைக்கும் பூட்டுக்கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் இருந்தது அது. முப்பத்தொரு வருடங்களாக அங்கேதான். திருகாணிகளைப் பழைய ஃபிலிம் டப்பாக்களில் போட்டு வைத்திருப்பார், ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் அந்த அளவு ஆணி ஒன்றை ஒட்டியிருப்பார். வருகிறவர்களின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா தெரியுதா, இல்ல முன்னாடி போட்டதா?" என்று கேட்பது அவர் தொழில். நாளெல்லாம் ஊராரைப் பார்த்து இதுவா அதுவா என்று கேட்ட மனிதரை, வீட்டில் யாரும் அப்படி ஒரு முறை கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு தடவை ஒருவர் வேறெங்கோ வாங்கிய கண்ணாடியைக் கொண்டுவந்து, தலை வலிக்கிறது என்று இவரிடம் சண்டை போட்டார். இவர் மன்னிப்புக் கேட்டு வில்லையை மாற்றிக் கொடுத்தார். "அது நம்ம கடைக் கண்ணாடியே இல்லையே?" என்றேன். "பாவம், அவ்வளவு தூரம் நடந்து வந்துட்டார்" என்றார். இதுதான் அவர்.

அவருடைய மனைவி நேர் எதிர். அந்த அம்மாளுக்கு ஒரே தம்பி. தாய் இல்லாத வீட்டில் தன் பின்னாலேயே சுற்றி வளர்ந்த தம்பி என்பதால் அவன்மேல் தனிப் பிரியம். அந்தத் தம்பிதான் எங்கள் இயக்குநர். பதினோரு வருடம் வாய்ப்புக்கு அலைந்து கிடைத்த முதல் தொடர் இது. வீட்டை ஆள்வது தானே என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஓர் அப்பா, அவரை ஆண்டுகொண்டிருக்கும் அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று சிரித்துப் பார்த்துவிட்டுப் போகிற கதை. செட் போடும் வசதி அவர்களுக்கு இல்லை. தம்பி அக்காளின் வீட்டுக்கு வந்தார்.

"பதிமூணே வாரம் மாமா. நீங்க மாடிக்குப் போயிடுங்க. கீழே நாங்க இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது."

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் ஏற்கெனவே பாத்திரங்களை மாடிக்கு ஏற்ற ஆரம்பித்திருந்தார்.

பிப்ரவரி பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, நாங்கள் அந்த வீட்டுக்குள் போனோம். காட்சிக்குக் காட்சி எல்லாம் முன்பிருந்தபடியே இருக்கிறதா என்று குறித்து வைப்பது என் வேலை. நடிகர் கோப்பையை எந்தக் கையில் பிடித்திருந்தார், சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தார், நாற்காலி சுவரிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருந்தது என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கும். தொடரில் ஒரு நாள் நடப்பதைப் பத்து நாள் எடுப்பார்கள். அதனால் ஒன்றும் அசையக் கூடாது. என்னை எல்லோரும் நோட்டு சார் என்பார்கள்.

முதல் நாளே இரண்டு காரியங்கள் நடந்தன. கேமரா வண்டி நகர வேண்டும் என்று, கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே இருந்த கதவைக் கழற்றினார்கள். கூடத்தில் எந்தக் காட்சி எடுத்தாலும் உள்ளறையின் பாதி, கட்டிலின் கால்மாட்டோடு, பின்னால் தெரியும்படி ஆயிற்று. மாடிப்படியின் கைப்பிடியையும் கழற்றினார்கள், ஏனென்றால் அதன் நிழல் நடிகர்களின் முகத்தில் விழுந்தது. இரண்டையும் குறித்துக்கொண்டேன். திரும்ப மாட்டினார்களா என்று பார்ப்பது என் வேலையில் சேரவில்லை என்று அப்போது நினைத்தேன்.

பதிமூன்று வாரம் இருபத்தாறானது, இருபத்தாறு முப்பத்தொன்பதானது. கூடத்துக் காலண்டர் பிப்ரவரியிலேயே நின்றது. கண்ணாடிக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கீழே இறங்கி வருவார். தம்முடைய நாற்காலியின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். ஒரு திங்கட்கிழமை காலை அளந்து பார்த்தபோது அது நான்கு அங்குலம் நகர்ந்திருந்தது.

"சார், இந்த நாற்காலியில யாராவது உட்கார்ந்தாங்களா?"

"நான்தான்" என்றார், ஏதோ திருடிவிட்டவர் போல. "மறந்துபோய் உட்கார்ந்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

அக்டோபர் மூன்றாம் தேதி மாலை நாலே காலுக்கு, துவைத்த துணிக்கூடையோடு படியிறங்கிய அவர் மனைவி, பத்தாவது படியில் இடறிப் பழக்கத்தில் கையை நீட்டினார். கைப்பிடி இல்லை. வலது முழங்காலில் எலும்பு உடைந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. தகடு வைத்துத் தைத்து அனுப்பிய மருத்துவர் மூன்று செய்திகள் சொன்னார். மூன்று மாதம் மாடிப்படி கூடாது. தினமும் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளை, வேளைக்கு அரை மணி நடக்க வேண்டும். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி வரும்போது முழங்கால் தொண்ணூறு டிகிரிக்கு மடங்க வேண்டும். மடங்காவிட்டால் திரும்பவும் திறக்க வேண்டியிருக்கும், அப்படித் திறந்த கால்கள் எல்லாம் பழையபடி வந்துவிடுவதில்லை.

மாடிக்குப் போக முடியாது என்றால் கீழே உள்ளறைதான். அதற்குக் கொல்லைப்பக்கம் ஒரு வாசல் உண்டு, சமதரை. நடக்கவும் வசதி. ஆனால் கூடத்துப் பக்கம் கதவு இல்லை.

"அக்கா, நீ நிம்மதியாப் படு. உன்னை ஃப்ரேம்ல வராம நான் பாத்துக்கறேன்" என்றார் தம்பி.

அக்டோபர் பதினாறு, வியாழன், பகல் பதினொன்று இருபது. அப்பா வேடக்காரர் தொலைபேசியில் தம் மேலதிகாரியிடம் பெருமை அடித்துக்கொள்ளும் காட்சி. "என் வீட்டுல என் பேச்சுதான் சார் சட்டம். நான் நில்லுன்னா நிக்கணும்" என்று முழங்கிக்கொண்டிருந்தார். மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அந்த அம்மாள் அந்தச் சத்தத்தில் விழித்தார். கணவர்தான் பேசுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளேயிருந்து குரல் வந்தது.

"முதல்ல அந்த ஃபேனை நிறுத்துங்க. குளிருது."

அப்பா வேடக்காரர் முப்பது வருடக் குடும்பஸ்தர். யோசிக்கவே இல்லை. தொலைபேசியைக் காதில் வைத்தபடியே எழுந்து போய் விசிறியை நிறுத்திவிட்டு வந்து, "ஆமா சார், சட்டம்" என்று முடித்தார்.

விளக்குப் பிடித்திருந்தவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். இயக்குநர் வெட்டு சொல்லவே மறந்துபோனார். படம் பிடித்ததைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். நான் கவனித்தேன், சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அதற்காகத்தானே என்னை வைத்திருந்தார்கள்.

"குரல் மட்டும் இல்ல. கால் தெரியுது. கட்டில் கால்மாட்டுல ரெண்டு பாதம், நீலக் காலுறை."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் தம்பி. "ஊர்லேருந்து அத்தை வந்திருக்காங்க. உடம்பு சரியில்ல, படுத்திருக்காங்க. எழுதிக்குங்க நோட்டு சார்."

எழுதிக்கொண்டேன். என் நோட்டில் ஏறிவிட்டால் அதன்பின் அது இருந்தே ஆக வேண்டும்.

இருபத்துநான்காம் தேதி அது ஒளிபரப்பானது. மறுநாள் காய்கறிக்கடையில், பேருந்தில், கண்ணாடிக்கடை வாசலில், எங்கே பார்த்தாலும் "முதல்ல ஃபேனை நிறுத்துங்க"தான். அத்தை இல்லாமல் இனி ஒரு வாரமும் இருக்கக் கூடாது என்று தொலைக்காட்சியிலிருந்து சொல்லிவிட்டார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை கூடத்தில் படப்பிடிப்பு. காட்சியில் பேச்சு இருக்கிறதோ இல்லையோ, கட்டிலில் பாதங்கள் இருக்க வேண்டும்.

அந்த அம்மாளுக்கு முதலில் அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. தமக்குக் கொடுத்த வசனத்தைப் படித்துப் பார்த்து, "இப்படி யாருடா பேசுவா?" என்று தள்ளிவிட்டுத் தாமாக ஒன்று சொல்வார். அதுவே நன்றாக இருக்கும். "பதினோரு வருஷம் பிள்ளை சும்மா சுத்தினான். இப்போதான் நாலு பேர் அவனை மதிக்கிறாங்க. படுத்துக்கிட்டிருக்கிறதுல எனக்கு என்ன கஷ்டம்?" என்று கணவரிடம் சொன்னதை நானே கேட்டேன்.

கஷ்டம் திங்கட்கிழமைகளில் தெரிந்தது. பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி அம்மா திங்கள்தோறும் கோணமானி ஒன்றை முழங்காலில் வைத்து அளப்பார். அக்டோபர் இருபதில் நாற்பத்தெட்டு. இருபத்தேழில் ஐம்பத்தைந்து. நவம்பர் மூன்றில் அதே ஐம்பத்தைந்து. பத்தாம் தேதி ஐம்பத்திரண்டு.

"சார், இங்க வாங்க" என்று கண்ணாடிக்கடைக்காரரை அழைத்தார். "நான் மடக்கறதுக்கு வரேன். நீங்க எல்லாரும் சேர்ந்து நீட்டி வைக்கிறீங்க. ரெண்டு நாள்ல ஒண்ணு முடிவு பண்ணுங்க. இல்லேன்னா நான் வர்றதே வேஸ்ட்."

"ஆறு மணிக்கு மேல நடக்கலாமா?"

"நாள் பூரா அசையாம கிடந்துட்டு ஆறு மணிக்கு எழுந்தா அது காலா, கட்டையா?"

அவர் அன்றைக்கே மைத்துனரிடம் பேசுவது என்று தீர்மானித்தார். மதிய இடைவேளைக்குக் கால் மணி முன்னதாகவே கூடத்துக்கு வெளியே வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார். நான் வாசலை ஒட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். இடைவேளை விட்டதும் அவர் உள்ளே போனார்.

"மச்சான், ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க மாமா. உங்களுக்கு இல்லாத நேரமா?" என்றார் தம்பி, கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி.

"உங்க அக்கா கால் விஷயமா..."

"நானே சொல்லணும்னு இருந்தேன் மாமா. அந்தக் காலுறைக்குன்னே தனியா லெட்டர் வருது தெரியுமா?"

"இல்ல, கால் மடங்க மாட்டேங்குது."

"மடக்கிடாதீங்க மாமா. நீட்டி இருந்தாத்தான் ஃப்ரேம்ல அம்சமா இருக்கு."

"டாக்டர் மூணு வேளையும் நடக்கச் சொல்லியிருக்கார்."

"நடக்கட்டுமே. யார் வேண்டாம்னது? ஆறு மணிக்கு மேல வீடு பூரா உங்களோடதுதான். ஒரு நிமிஷம் மாமா." கைபேசியில் யாருக்கோ நாலைந்து முறை சரி சொன்னார். முகம் மலர்ந்தது. "மாமா! இன்னும் ஐம்பத்திரண்டு வாரம் கேக்கறாங்க! எல்லாம் நீங்க வீடு கொடுத்த ராசி!"

கண்ணாடிக்கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப சந்தோஷம் மச்சான்" என்றார். வெளியே வந்தார்.

"பேசிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பேசினேன். நல்லபடியாத்தான் பேசினார்."

"என்ன முடிவாச்சு?"

"ஐம்பத்திரண்டு வாரம்."

என் பக்கம் குனிந்து, ரகசியம் போலக் கேட்டார். "உங்க நோட்டுல, அத்தை எழுந்து ஊருக்குப் போயிட்டாங்கன்னு ஒரு வரி எழுதிட முடியாதா?"

"நடந்ததைத்தான் சார் நான் எழுதறேன். நடக்கணும்கிறதை எழுதறவங்க வேற."

"அது சரி" என்றார். கேட்டதற்காக அவரே வருத்தப்பட்டார்.

அக்காளுக்கு வலி அதிகம் என்பது மட்டும் தம்பிக்கு எப்படியோ எட்டியது. பதினோராம் தேதி காலை, கால்களுக்கு மட்டும் என்று ஒரு துணை நடிகையை வரவழைத்தார். நாற்பது வயதிருக்கும், அமைதியான பெண். வணக்கம் சொல்லிவிட்டுக் கட்டிலில் படுத்து, காலுறையைப் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் ஊன்றுகோலோடு சுவரோரம் நின்று பார்த்தார். முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எழுந்திரும்மா. உன்மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா எழுந்திரு."

"அக்கா, இது நடிப்பு" என்றார் தம்பி.

"என் கட்டில், என் போர்வை, என் தலையணை. இதுல இன்னொருத்தி வந்து படுத்துக்கிட்டு நான்தான்னு சொல்றதா? படுக்கறதுல என்னடா நடிப்பு? உங்க மாமா முப்பத்துநாலு வருஷமா அதைத்தான் பண்றார். வேணும்னா அவரைப் படுக்கச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்கடைக்காரரும் சிரித்தார். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவர் பார்வை மெல்லக் கீழே இறங்கியது.

"மாமா, செருப்பைக் கழட்டுங்க."

மறுநாள் பன்னிரண்டாம் தேதி, புதன். அளந்தேன். மனைவியின் பாதம் இருபத்துமூன்று சென்டிமீட்டர், கணவருடையது இருபத்தாறரை. காலுறை குதிகாலைத் தாண்டி ஏற மறுத்தது. உடைப் பொறுப்பாளர் பின்பக்கம் கத்தரித்து நூலால் கட்டினார். போர்வையை முன்னைவிட இறக்கி, விரல்களிலிருந்து நான்கு விரல் அளவு மட்டும் வெளியே தெரியும்படி வைத்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. "மாமா, கட்டை விரலை ஆட்டாதீங்க. அக்கா ஆட்ட மாட்டாங்க" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்தவற்றை வரிசையாகச் சொன்னால் நான் கட்டிச் சொல்வதாக நினைப்பீர்கள். கணவர் கட்டிலில் மனைவியாகப் படுத்திருப்பார். மனைவி கொல்லைப்புறத்தில் துணி உலர்த்தும் கொடியை ஒட்டி, ஊன்றுகோலோடு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். வசனம் வரும் நேரத்தில் ஜன்னலருகே வந்து நின்று உள்ளே பார்த்துப் பேசிவிட்டு மறுபடியும் நடப்பார். திரையில் அதே அத்தை, அதே கட்டில்.

கடை பூட்டிக் கிடந்தது. நான்காம் நாளிலிருந்து வாடிக்கைக்காரர்கள் வீட்டைத் தேடி வர ஆரம்பித்தார்கள். இவரால் எப்படி மறுக்க முடியும்? இடுப்புக்குக் கீழேதான் ஃப்ரேமில் இருந்தது. இடுப்புக்கு மேலே சும்மாதான் இருந்தது. ஃபிலிம் டப்பாக்கள் தலைமாட்டுக்கு வந்தன. திருகுகோல் வந்தது. அப்புறம் பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகையே வந்துவிட்டது. பலகைக்கு இருபது அடி தூரம் வேண்டும், அறை பத்தடிதான். சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தி, அதற்குள் பலகை தெரியும்படி செய்து பத்தை இருபதாக்கினார். வாடிக்கைக்காரர்கள் கொல்லைவாசல் வழியாக வந்து, தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிசுகிசுப்பாகப் படிப்பார்கள். இவர் படுத்தபடியே வில்லையை மாற்றுவார். "இது நல்லா தெரியுதா, முன்னாடி போட்டதா?" பேசும்போதும் பாதங்கள் அசையாது. அந்த விஷயத்தில் அவர் நல்ல நடிகர்.

நவம்பர் இருபதாம் தேதி ஒரு டேக் கெட்டது. காது மந்தமான ஒரு பெரியவர், கூடத்தில் அம்மா வேடக்காரி கண்ணீர்விட்டுப் பேசும் இடத்தில், "ட! ப! ம! அடுத்தது தெரியலப்பா!" என்று ஓங்கிப் படித்தார்.

"யாருங்க அது உள்ளே பாடம் படிக்கிறது?" என்று ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைப் பிடுங்கிப் போட்டார்.

கொல்லையிலிருந்து அந்த அம்மாள் சொன்னார். "திட்டாதீங்க. அவருக்குக் கண்ணும் தெரியல, காதும் கேக்கல. இந்த வீட்டுக்கு அப்படித்தான் ஆள் வேணும்."

திங்கட்கிழமைகள் ஏறத் தொடங்கின. பதினேழாம் தேதி அறுபது. இருபத்துநான்கில் எழுபத்தொன்று. டிசம்பர் ஒன்றில் எண்பது. எட்டில் எண்பத்தேழு. ஒவ்வொரு தடவையும் அளந்தவுடன் அந்த அம்மாள் ஜன்னலில் வந்து எண்ணை மட்டும் சொல்வார். இவர் போர்வைக்குள்ளிருந்து தலையாட்டுவார். எண்பத்தேழு என்ற அன்றைக்குத் தலையாட்டவில்லை.

"மூணு குறையுது" என்றார் என்னிடம். "வெள்ளிக்கிழமைக்குள்ள மூணு வருமா?"

"வாரத்துக்கு ஏழுக்குக் குறையாம ஏறியிருக்கே சார்" என்றேன், கணக்கைப் பார்த்துவிட்டு.

"கடைசி மூணு அப்படி ஏறாதாம். பிசியோ அம்மா சொன்னாங்க."

டிசம்பர் பன்னிரண்டு. ஆஸ்பத்திரியில் பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குக் கூடத்தில் எட்டுக் காட்சிகள், அத்தனையிலும் பின்னால் கட்டில். முந்தின நாளே அவர் கேட்டுப் பார்த்தார். "மச்சான், நாளைக்குக் காலையில மட்டும் கூடப் போயிட்டு வந்துடறேனே." "மாமா, நடிக்கிற குழந்தைகளுக்கு நாளையோட ஷூட்டிங் டேட் முடியுது. பரீட்சை. நீங்க இல்லாம எப்படி? அக்காவுக்கு கார் அனுப்பறேன், ஏசி கார்" என்றார் தம்பி. பிசியோதெரபி அம்மா தாமாகவே துணைக்குப் போனார். கார் புறப்பட்ட சத்தம் கேட்டபோது இவர் படுத்திருந்தார். முதல் காட்சிக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று எந்த வாடிக்கைக்காரரையும் அவர் பார்க்கவில்லை. திருகுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி கிடந்தார். பதினொன்றரைக்கு என்னைக் கூப்பிட்டு மணி கேட்டார். பன்னிரண்டுக்குக் கேட்டார். பன்னிரண்டு பத்துக்கும் கேட்டார். "கைபேசியில கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றேன். "கூப்பிட்டா ஏதாவது சொல்லிடுவாங்க" என்றார்.

பன்னிரண்டு நாற்பத்திரண்டு. காட்சி ஐந்து. அப்பா வேடக்காரர் சோபாவில் உட்கார்ந்து பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துத் தோற்றுப்போகும் இடம். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கொல்லைப்பக்கத்துக் குறுகிய சந்தில் ஜெனரேட்டர் வண்டி வழியை அடைத்து நின்றதால், வந்த கார் முன்வாசலில் நின்றிருக்கிறது. அது எங்களுக்குத் தெரியாது. கூடத்துக் கதவு திறந்தது. அந்த அம்மாள் உள்ளே வந்தார். கையில் ஊன்றுகோல் இல்லை. விளக்கையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. சோபாவுக்கும் கேமராவுக்கும் நடுவே, இடமிருந்து வலமாக, வலது காலை லேசாக இழுத்து, ஆனால் மடக்கி எடுத்து வைத்து நடந்தார். பதினான்கு அடிகள் எடுத்து வைத்தார். நேராக உள்ளறைக்குள் போய்க் கட்டில் தலைமாட்டில் குனிந்தார்.

"தொண்ணூத்தொண்ணு."

போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்கள் இருபத்தேழு படப்பிடிப்பு நாட்களில் முதல்முறையாக ஆடின.

இயக்குநர் வெட்டு சொல்லவில்லை. மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்று கை தட்டினார்.

"அக்கா! யாருக்கா இது, இவ்வளவு அழகா நடந்து போறது? அத்தையைப் பாக்க அவங்க தங்கச்சி வந்திருக்காங்க. அப்படித்தானே? யாரும் எதுவும் பேசல, நேரா உள்ளே போறாங்க. ஜனங்க அழுதுடுவாங்க! இன்னொரு தடவை போகலாம். மாமா, காலை ஆட்டிட்டீங்க."

"டேய், நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்னும் தண்ணி குடிக்கல."

"ஒரே ஒரு தடவை அக்கா. வெளியே போய் வந்து, அதே மாதிரி."

இரண்டாம் டேக்கில் விளக்கு மினுக்கியது. மூன்றில் பையன் கேமராவைப் பார்த்துவிட்டான். நான்கில் அந்த அம்மாள் பன்னிரண்டே அடியில் கடந்துவிட்டார். பதினான்கு என்று நான்தான் சொன்னேன். ஐந்தில் அப்பா வேடக்காரருக்குத் தும்மல். ஆறாவதில் மறுபடி பாதம் ஆடியது. ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் குனிந்து தொண்ணூத்தொண்ணு என்று சொன்னார், முதல் தடவை சொன்னது போலவே. ஒவ்வொரு தடவையும் கட்டிலில் இருந்தவர் முகம் முதல் தடவை கேட்டது போலவே ஆனது. அந்த முகம் ஃப்ரேமில் இல்லை. நான் மட்டும் பார்த்தேன், என் நோட்டில் அதற்கு இடம் கிடையாது.

ஏழாவது டேக் சரி என்றானது. "இனி வாரா வாரம் தங்கச்சி வரணும்" என்று தம்பி எழுத்தாளருக்குச் சொல்லப் போனார். வாசலில் நின்ற பிசியோதெரபி அம்மா திருப்தியாகக் காணப்பட்டார். "இப்பவாவது நடக்க விடறாங்களே, விடுங்க" என்றார்.

அந்த அம்மாள் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார்.

"வலிக்குதா?" என்று அவர் கேட்டார்.

"வலிக்காம? ஏழு தடவை. உங்களுக்கு?"

"எனக்கென்ன. இடது கால் மரத்துப்போச்சு. காலுறை இறுக்குது."

"எழுந்திருங்களேன். வாங்க, கொல்லையில நாலு அடி நடந்துட்டு வரலாம். நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

அவர் முழங்கையை ஊன்றி அரைவாசி எழுந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். காட்சி ஆறில் கூடம், மாலை, அம்மா பூச்சாடி துடைக்கிறாள். பின்னணியில் கட்டில், பாதங்கள். விளக்குகளை நகர்த்தத் தொடங்கியிருந்தார்கள்.

"இன்னும் மூணு காட்சி இருக்கும்மா" என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு, மெல்லத் திரும்பப் படுத்துக்கொண்டார்.

நான் போய்ப் போர்வையைச் சரிசெய்தேன். இடது பாதம் நான்கு விரல் அளவு வெளியே தெரிய வேண்டும். மூன்றுதான் தெரிந்தது.